ஜாம் போத்தல் விளக்கு: இல்லாத காலத்தின் அன்றாடம்

1990க்கும் 1995க்கும் இடையில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போன இரண்டு பேர் எங்கேயாவது சந்தித்தால், அது ரொறன்ரோவோ லண்டனோ வெள்ளவத்தையோ, பத்து நிமிஷத்துக்குள் கதை ஜாம் போத்தல் விளக்குக்கு வந்துவிடும். பிறகு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து றேடியோ கேட்டது வரும். பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார். கடைசியில் ஒருவர் சொல்லுவார்: "என்ன இருந்தாலும் அது ஒரு காலம்தான்."

இந்த வசனம் எனக்குக் கனகாலமாக ஒரு புதிர். குண்டு விழுந்த காலம் அது. பொம்மர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய காலம். அதைப் பற்றி இப்படி ஒரு ஏக்கத்தோடு ஏன் கதைக்கிறோம்? வழக்கமான பதில் ஒன்று இருக்கிறது: கஷ்டத்தில்தான் சின்னச் சின்ன விஷயங்களின் அருமை தெரியும். இது எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் பொய் என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. யாழ்தேவி ரயில் நின்றது. அது திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, யூரியா எல்லாம் தடை. மண்ணெண்ணெய் அளவாக வரும், அதுவும் சங்கக்கடையில் காட்டைக் காட்டி வரிசையில் நின்றால். வெளியே போகவர கிளாலிக் கடல்தான், அதுவும் இரவில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. 1995 தொடக்கத்தில் பேச்சுவார்த்தைக் காலத்தில் தடை கொஞ்சம் தளர்ந்தது. ஏப்ரலில் மறுபடி சண்டை. ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் மொத்தமாக இடம்பெயர்ந்தது. இந்த ஐந்து வருஷத்துக்குள்தான் நான் சொல்லப்போகிற விஷயங்கள் நடக்கின்றன.

விளக்கில் தொடங்குவோம். சாதாரண அரிக்கன் லாம்புக்கு அகலமான திரி. அகலமான திரி நிறைய எண்ணெயை உறிஞ்சும்; வெளிச்சம் கூட, செலவும் கூட. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் அளந்து வாங்குகிற காலத்தில் அது கட்டுப்படியாகாது. அதனால் யாரோ ஒருவர் (யார் என்று யாருக்கும் தெரியாது, ஊருக்கு ஊர் ஒரு உரிமைக் கதை இருக்கிறது) ஒரு வெறும் ஜாம் போத்தலை எடுத்தார். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைய இரண்டு மூன்று கரண்டி மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூப்பில் இருந்து வெட்டி எடுத்த வால்வுக் கட்டைக்குள்ளால் ஒரு நூல்திரி. அதை ஒரு கம்பியில் மாட்டிப் போத்தலுக்குள் இறக்கினால் சரி. வீட்டுக்கு வீடு செய்முறை கொஞ்சம் மாறும்.

இதில் உள்ள கெட்டித்தனத்தைக் கவனியுங்கள். எவ்வளவு எண்ணெய் எரியும் என்பதைத் தீர்மானிப்பது திரியின் பருமன். வால்வுக் கட்டையின் ஓட்டை சின்னது, ஆகவே செலவும் சின்னது. பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதால் போத்தல் தட்டுப்பட்டு விழுந்தாலும் எண்ணெய் ஊற்றுண்டு பரவாது. கண்ணாடிச் சுவர் காற்றை மறைக்கும். வாய் திறந்திருப்பதால் மூச்சுக்காற்றும் கிடைக்கும். நக அளவு சுடர்தான், ஆனால் கைப்பிடி எண்ணெயில் ஒரு இரவுப் படிப்பு முடியும். குறை என்னவென்றால் புகை. திரி கொஞ்சம் உயர்ந்தாலும் கரி கக்கும். விடிய எழும்பி மூக்கைத் துடைத்தால் கறுப்பு. போத்தலின் உட்பக்கம் கரி பிடித்துவிடும், அதைத் தினமும் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் அடுத்த நாள் வெளிச்சம் பாதி.

இந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை உயர்தரம் படித்தது. ஒரு வீட்டில் ஒரு விளக்குத்தான் எரியும், ஆகவே எல்லாரும் அதைச் சுற்றி. அக்காவின் கணக்குக் கொப்பி ஒரு பக்கம், தம்பியின் வாய்ப்பாடு ஒரு பக்கம், அம்மா அரிசி பொறுக்குவதும் அதே வெளிச்சத்தில். குடும்பம் ஒன்றாக இருந்தது என்று இப்போது சொல்கிறோமே, அதற்கு ஒரு காரணம் பாசம். மற்றக் காரணம் வெளிச்சம் எட்டியது அவ்வளவு தூரம்தான்.

அடுத்தது றேடியோ. பற்றரி இல்லை. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து, அடியில் ஓட்டை போட்டு உப்புத்தண்ணீர் விட்டு, இன்னும் இரண்டு செய்தி கேட்கலாமா என்று பார்த்த கதைகள் எல்லாரிடமும் உண்டு. அதுவும் முடிந்தபிறகு சைக்கிள் டைனமோ. சைக்கிளைக் கவிழ்த்து, சீற்றிலும் ஹாண்டிலிலும் நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் றேடியோவுக்குப் போகும். டைனமோ தருவது ஆடலோட்டம், ஆறு வோல்ட் அளவில். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இடையில் டயோட் வைத்து மாற்ற வேண்டும். இதை ஊரில் இருந்த றேடியோ திருத்துகிற பெடியள் செய்து கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படித்த பிள்ளைகளும் செய்தார்கள். பாடப்புத்தகத்தில் இருந்த டயோட் பாலம் வீட்டு விறாந்தையில் வேலை செய்ததைப் பார்த்த வேறு ஒரு தலைமுறை இருக்குமா தெரியாது.

பிபிசி தமிழோசை நேரம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுவார்கள். சுற்றுகிறவருக்குக் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து போகும். "டேய், சுத்தடா" என்று ஐந்து பேர் கத்துவார்கள். வெகு வேகமாகச் சுற்றினாலும் ஆபத்து, றேடியோ எரிந்துவிடும். தமிழோசைக்கு ஒருவர், வெரித்தாசுக்கு இன்னொருவர் என்று முறை வைத்துச் சுற்றிய வீடுகளும் உண்டு. செய்தி கேட்பது ஒரு உடலுழைப்பாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், கையால் சுற்றி வரவழைத்த செய்தியை ஒருவரும் அரைக்காதில் கேட்டிருக்க மாட்டார்கள்.

கார்க் கதையை விட மனமில்லை. பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒத்துவராது. குளிர்ந்த எஞ்சினில் அது லேசில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ண வேண்டும். எஞ்சின் சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். இந்த வித்தை மொறிஸ் மைனர், ஒஸ்ரின் A40 போன்ற கிழட்டுக் கார்களில்தான் நன்றாக வேலை செய்தது. அவற்றின் எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு. புதுக் காரில் இதைச் செய்தால் எஞ்சின் இடித்து இடித்தே செத்துவிடும். அப்படித்தான் மற்ற இடங்களில் பழைய இரும்புக்குப் போயிருக்க வேண்டிய கார்கள் யாழ்ப்பாணத்து வீதிகளில் பின்னால் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு கலியாண ஊர்வலம் போயின. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்ததும், அந்த வாசத்துக்கு மாடு வந்து கொடியில் கிடந்த வேட்டியைச் சப்பியதும் இன்னொரு பெரிய கதை. சீனி இல்லாத நாட்களில் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி, ஒரு கடி, ஒரு மிடறு தேத்தண்ணி.

சரி, இப்போது ஆராய்ச்சிக்காரர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

எப்போதும் இருப்பதை மனம் கவனிக்காமல் விட்டுவிடும் என்பது உளவியலில் பழைய விஷயம். 1971இல் பிறிக்மன், கம்பெல் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் இருந்து இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது: நல்லது வந்தாலும் கொஞ்ச நாளில் அது பழகிப்போய், நாம் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறோம். சுவிச்சைப் போட்டால் லைற் எரிவதை யார் கவனிக்கிறார்? எரியாதபோதுதான் கவனிக்கிறோம்.

இதன் மறுபக்கத்தை 2008இல் மின்கியுங் கூ, சாரா அல்கோ, ரிமதி வில்சன், டானியல் கில்பேட் ஆகியோர் சோதித்தார்கள். துணையோடு வாழ்கிறவர்களில் சிலரிடம், நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். வேறு சிலரிடம், நீங்கள் சந்திக்காமலே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்குத்தான் தங்கள் உறவில் திருப்தி கூடியது. இருப்பதை எண்ணிப் பார்ப்பதைவிட, இல்லாமல் போயிருந்தால் என்று கழித்துப் பார்ப்பது வேலை செய்கிறது. குவாட்பாக், டன் என்ற இருவர் 2013இல் வெளியிட்ட சொக்லேற் ஆய்வும் இதே வழியில்தான்: ஒரு கிழமை சொக்லேற்றைத் தொடாமல் இருந்தவர்கள், பிறகு சாப்பிட்டபோது மற்றவர்களைவிட அதிகமாக ரசித்தார்கள்.

பொருளாதாரத் தடை செய்ததும் இந்தக் கழித்தலைத்தான், ஆனால் கற்பனையில் அல்ல. மின்சாரத்தைக் கழித்தது, சவர்க்காரத்தைக் கழித்தது, பற்றரியைக் கழித்தது. ஒவ்வொன்றும் போனபிறகுதான் அது இவ்வளவு நாளும் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. இதோடு நிறுத்தினால், கஷ்டம் அருமை தெரியப்படுத்தும் என்ற வழக்கமான பதில் வென்றுவிடும்.

நிறுத்த முடியாது. ஆய்வுக்கூடத்துச் சொக்லேற் ஒரு கிழமையில் திரும்பி வரும் என்று பங்குபற்றியவருக்குத் தெரியும். கிளாலியில் நின்றவருக்கு எதுவும் எப்போது திரும்பும் என்று தெரியாது.

இந்த வித்தியாசத்தை நேராகத் தொடுகிற ஆய்வு ஒன்று 2014இல் வந்தது. அலிசா குறொவ்ற், எலிசபெத் டன், ஜோடி குவாட்பாக் ஆகிய மூவரும் ஏறத்தாழ 15,000 பேரிடம், வாழ்க்கையில் என்னென்ன கஷ்டங்களைச் சந்தித்தீர்கள், சின்ன நல்ல விஷயங்களை எவ்வளவு ரசிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். முன்பு கஷ்டப்பட்டு அதைக் கடந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ரசித்தார்கள். ஆனால் இப்போதும் அந்தக் கஷ்டத்துக்குள் இருப்பவர்களுக்கு ரசிக்கிற சக்தி குறைந்திருந்தது.

எனக்கு இது பெரிய விளக்கம். ஏக்கத்தோடு கதைக்கிறவர்கள் எல்லாரும் "பிறகு" என்ற இடத்தில் நின்று கதைக்கிறார்கள். ரொறன்ரோவில் சுவிச்சைப் போட்டால் லைற் எரிகிறது, அதனால்தான் ஜாம் போத்தல் அழகாகத் தெரிகிறது. 1992இல் அதற்குள் இருந்தவருக்கு அது கரி கக்குகிற ஒரு போத்தல்.

வயதும் ஒரு விஷயம். அன்று பத்து வயதாக இருந்தவர்கள்தான் இன்று அதிகம் எழுதுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு டைனமோ சுற்றுவது விளையாட்டு. அன்று நாற்பது வயதாக இருந்தவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். என் பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், அந்த விளக்கை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று. "சங்கக்கடை லைன்தான் ஞாபகம் வருது. விடிய நாலு மணிக்குப் போய்க் கல்லு வைச்சு இடம் பிடிக்கோணும். மத்தியானம் முடிஞ்சுது எண்டு சொல்லுவாங்கள். வெறும் போத்தலோட திரும்பி வாறது" என்றார். விளக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சலரோகம் உள்ளவர்களுக்கு இன்சுலின் கிடைத்தாலும் குளிராக வைக்க மின்சாரம் இல்லை. பிள்ளை பெற வலி கண்டவரைச் சைக்கிள் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு உழக்கினார்கள். அப்படிப் போய்ச் சேராதவர்கள் இந்த ஞாபகக் கதைகளில் வருவதில்லை; சொல்ல அவர்கள் இல்லை.

இன்னொரு இல்லாமையும் உண்டு. "சனம் எல்லாம் ஒற்றுமையா, இருக்கிறதைப் பகிர்ந்து வாழ்ந்தது" என்று சொல்லும்போது, 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இயக்கம் இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரைவிட்டுத் துரத்தியதை அந்த வசனம் தாண்டிப் போகிறது. சோனகத் தெருவில் வீடுகள் வெறுமையான பிறகுதான் நாங்கள் பகிர்ந்து வாழ்ந்த அந்த ஐந்து வருஷமும். சரியாக ஐந்து வருஷம் கழித்து அதே திகதியில் நாங்களும் கையில் கிடைத்ததோடு நடந்தோம் என்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள், சிலர்தான் சத்தமாகச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து அன்றாடத்தை மெச்சுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் அந்தக் காலத்துக்குள் இருந்தபோது சனம் என்னதான் செய்தது? ரசிக்கவில்லை என்றால் வெறுமனே தாங்கிக்கொண்டார்களா? எனக்கு இரண்டும் சரியான சொல்லாகப் படவில்லை. அவர்கள் அன்றாடத்தை உற்பத்தி செய்தார்கள். வழக்கமான நாட்களில் அன்றாடம் தானாக வந்து சேரும்: லைற் எரியும், பேப்பர் வரும், பஸ் வரும். அந்த நாட்களில் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் செய்ய வேண்டியிருந்தது. உதயன் பேப்பர், அச்சுத்தாள் இல்லாதபோது பள்ளிக்கூடக் கொப்பிக்குப் பயன்படுகிற கோடு போட்ட தாளில் அச்சாகி வந்தது. கோடுகளுக்கு மேலாக எழுத்து ஓடும், வாசிக்கக் கண் வலிக்கும், ஆனால் வந்தது. பள்ளிக்கூடம் நடந்தது. சோதனை நடந்தது. பல்கலைக்கழகத்தில் விரிவுரை நடந்தது. கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கர் இல்லாமல் நடந்தது. ஹெலி சுற்றினால் எல்லாரும் படுப்பார்கள், போனபிறகு எழும்பி விட்ட இடத்தில் இருந்து தொடர்வார்கள்.

இதை வீரம் என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. பெரும்பாலும் இது பழக்கமும் பிடிவாதமும்தான். ஆனால் இதற்கு ஒரு பயன் இருந்தது. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில், நாளைக்குக் காலமை போத்தலைக் கரி போகத் தேய்க்க வேண்டும் என்பதாவது தெரியும். மனிதருக்குத் தன் கையில் இருக்கிற ஒன்று தேவைப்படுகிறது. பொம்மரை நிறுத்த முடியாது, திரியைச் சரிப்படுத்தலாம். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "தேய்க்காட்டி வெளிச்சம் வராது, அதுதான் தேய்ச்சது" என்றார். அதுவும் சரி.

2022இல் இலங்கையில் டொலர் இல்லாமல் போய், மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது இந்தக் கதைகள் மறுபடி கிளம்பின. எரிபொருள் வரிசை நாள் கணக்கில் நீண்டது, சைக்கிள் விலை ஏறியது. வடக்கில் பலர் "உது எங்களுக்குப் புதுசில்லை" என்றார்கள், அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கூடவே வாட்ஸ்அப்பில் உபதேசங்களும் வந்தன: நாங்கள் ஜாம் போத்தலில் படித்து முன்னுக்கு வரவில்லையா, இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள். வரிசையில் மூன்றாம் நாள் நிற்கிற ஓட்டோக்காரருக்கு வெளிநாட்டில் இருந்து இதை அனுப்புவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! மேலே சொன்ன 15,000 பேர் ஆய்வு சரியென்றால், அவரால் அந்த நேரத்தில் ரசிக்க முடியாமல் இருப்பது அவருடைய குறை இல்லை. கஷ்டம் செய்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. அவருக்குத் தேவைப்பட்டது பெற்றோல்.

கஷ்டத்துக்குள் இருக்கிறவருக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்றால், ஒன்று உண்டு, அதுவும் சின்னது. 2014இல் ரிங் சாங் என்பவரும் கூட்டாளிகளும் மாணவர்களிடம், அன்றைய சாதாரண விஷயங்களை எழுதி வைக்கச் சொன்னார்கள்: அண்மையில் கதைத்த கதை, கேட்கிற பாட்டு, இப்படி. மூன்று மாதம் கழித்து அதை வாசிக்க எவ்வளவு ஆசைப்படுவீர்கள் என்றும் முன்கூட்டியே கேட்டார்கள். பெரிதாக ஆசை இருக்காது என்றார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் நினைத்ததைவிட நிறைய ஆவலோடு வாசித்தார்கள். எழுதுகிற நேரத்தில் ரசிக்கத் தேவையில்லை. எழுதி வைத்தால் போதும். ரசிக்கிற வேலையைப் பிறகு வருகிற ஆள் பார்த்துக்கொள்வார்.

யாழ்ப்பாணத்தின் அந்த ஐந்து வருஷத்துக்கு இப்படிப்பட்ட எழுத்து குறைவு. பிலிம் சுருள் கிடைக்காத காலம், ஆகவே படங்களும் குறைவு. இருப்பவை பெரும்பாலும் செத்தவீடும் கலியாணமும். சண்டைகளின் திகதியும் இழப்புக் கணக்கும் பல இடங்களில் கிடைக்கிறது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் எத்தனை நாளுக்கு வந்தது என்று தேடினால் கிடைக்காது. எழுதி வைத்த கொப்பிகளும் 1995 ஒக்ரோபரில் வீட்டோடு விடுபட்டுப் போயின.

அன்று நாற்பது வயதில் இருந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் கேட்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு குறிப்பு: "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த கதைதான் வரும், "சரியான கஷ்டம்" அல்லது "அது ஒரு காலம்". சின்னதாகக் கேட்க வேண்டும். விளக்குத் திரியை எதில் இருந்து எடுத்தனீங்கள்? நெருப்புப்பெட்டி முடிஞ்சா அடுப்பு எப்பிடி மூட்டினனீங்கள்? பங்கருக்குள்ள என்ன கொண்டுபோய் வைச்சிருந்தீங்கள்? பக்கத்து வீட்டில் ஆர் இருந்தவை, எப்ப போச்சினம்? பெரியம்மாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது ஒரு மணித்தியாலம் கதைத்தார்.